லோகெயினை என்ன செய்வது

ஜூன் 4

டிராகன் ஏஜ்: ஒரிஜின்ஸ் வீடியோ ஆட்டத்தில் லேண்ட்ஸ்மீட் வரை வந்தாச்சு, பிரபுக்கள் கூடும் சபை, தளபதி லோகெயினின் கணக்கு அங்கேதான் தீர வேண்டும். சேவ் செய்து மூடிவிட்டேன். ரிப்போர்ட் வரவில்லை.

ஜூன் 5

தூக்கம் இல்லை. லோகெயின் மேல் உள்ள குற்றங்களை மனசுக்குள் ஓட்டிக்கொண்டே படுத்திருந்தேன். ஆஸ்டகர் போரில் சைகைத் தீ எரிந்தும் படையைத் திருப்பிக்கொண்டு போனான், சொந்த மருமகனான ராஜாவும் என்னைக் கிரே வார்டன் படையில் சேர்த்த டங்கனும் செத்தார்கள். ஏமன் பிரபுவுக்கு விஷம் வைக்க ஏற்பாடு செய்தான். தலைநகர் டெனரிமில் எல்ஃப் சேரி ஜனங்களை டெவின்டர் அடிமை வியாபாரிகளுக்கு விற்றான், கேட்டால் போர்ச் செலவாம். விஷத்தைத் தவிர மற்றதை அவன் மறுப்பதுகூட இல்லை, நாட்டுக்காகச் செய்தேன் என்கிறான். ஒரு காலத்தில் பக்கத்து நாடான ஓர்லேயிடமிருந்து நாட்டை மீட்டவனும் இவன்தான், அதுதான் தொல்லை.

ஜூன் 6

சித்தப்பா போன். எடுக்கவில்லை.

ஜூன் 8

லோகெயினோடு ஒத்தைக்கு ஒத்தைச் சண்டையில் ஜெயித்துவிட்டேன். இவனைக் கொல்லாதீர்கள், கிரே வார்டனாக்குங்கள் என்கிறார் இன்னொரு வார்டனான ரியோர்டன். அதற்கு, வார்டன்கள் எதிர்த்துப் போராடும் டார்க்ஸ்பான் அரக்கர்களின் ரத்தத்தைக் குடிக்க வேண்டும், பல பேர் அங்கேயே விழுவார்கள், பிழைத்தாலும் ஆயுசு குறைவு. இது மன்னிப்பா, தண்டனையா? என் கூட்டாளி வார்டன் ஆலிஸ்டருக்குச் சந்தேகமே இல்லை: வார்டன் ஆவது கௌரவம், அதை இவனுக்கா கொடுப்பது என்று கத்துகிறான். டங்கன் அவனுக்கு அப்பா மாதிரி. இந்தப் பக்கம் லோகெயினின் மகள் அனோரா கெஞ்சுகிறாள். லோகெயின் அவளைப் பார்த்து, மகள்கள் வளருவதே இல்லை, என்றைக்கும் ரெட்டைச் சடையும் சிராய்த்த முட்டியுமாக ஆறு வயசிலேயே நிற்கிறார்கள் என்கிற மாதிரி ஒன்று சொல்கிறான். பாவி, அந்த நேரத்தில் போய் அதைச் சொல்ல வேண்டுமா.

விட்டுவிட்டேன்.

ஆலிஸ்டர் கிளம்பிப் போய்விட்டான். முதல் நாளிலிருந்து கூடவே வந்தவன். 2011இல் வந்த இரண்டாம் பாகத்தில் கர்க்வால் நகரத்துச் சாராயக் கடையில் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான், எனக்குத் தெரியும். தெரிந்தும்தான் அந்த வரியை அழுத்தினேன்.

ஜூன் 9

காலையிலிருந்து எரிச்சல். மன்னித்த பெருமை எனக்கு, இழப்பு முழுக்க ஆலிஸ்டருக்கு. ஆஸ்டகரில் எனக்கு என்ன போச்சு? டங்கனோடு நான் பழகியது கொஞ்ச நாள். பறிகொடுத்தவன் வேண்டாம் என்கிறான், பக்கத்தில் நிற்கிற நான் பெரிய மனசு பண்ணுகிறேன். எங்கள் வீட்டிலும் இந்தப் பெரிய மனசுக்காரர்கள் நிறைய.

லோகெயினின் கூட்டாளி ஹோவ் விஷயத்தில் இந்தப் பேச்சே கிடையாது. என் கதாபாத்திரத்தின் குடும்பத்தையே அறுத்தவன் அவன். உயிரோடு விடுகிறாயா என்று ஆட்டம் அங்கே கேட்பதில்லை, வாளை எடு, முடி. மன்னிக்க எனக்கு உரிமை இருந்த இடம் அது ஒன்றுதான்.

ஜூன் 10

சாதம் இறங்கவில்லை. கஞ்சி. லோகெயினுக்கு வரைபடங்கள் பரிசாகக் கொடுத்தால் சந்தோஷப்படுகிறான். எரிச்சலாக வருகிறது, ஆனால் தேடித் தேடிக் கொடுக்கிறேன்.

ஜூன் 12

லோகெயினை விட்டுவைப்பதற்கு இன்னொரு கணக்கும் உண்டு. டார்க்ஸ்பான்களை நடத்தும் டிராகனான ஆர்ச்டீமனை ஒரு வார்டன்தான் கொல்ல முடியும், கொன்றவனும் சாவான். அந்தச் சாவைத் தவிர்க்கச் சூனியக்காரி மோரிகன் சொல்லும் சடங்குக்குச் சம்மதிக்காவிட்டால் லோகெயினை அனுப்பலாம், அவனே முன்வருவான். அப்படியானால் நான் விட்டதெல்லாம் வாய்தா வாங்கிய தூக்குத்தானே? பழைய சேவில் போய் ஆலிஸ்டரையே அவனோடு மோத விட்டும் பார்த்தேன். அங்கே என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை. தன் கையாலேயே முடித்தான். ரொம்ப நிம்மதியாக இருந்தது, அதுவும் பிடிக்கவில்லை.

எந்த சேவை வைத்துக்கொள்வது என்று முடிவாகவில்லை.

ஜூன் 13

மறுபடியும் சித்தப்பா. இந்த முறை அம்மா எடுத்துப் பேசினாள், மன்னித்துவிட்டாளாம். என்னிடம் கேட்கவில்லை. நாளைக்குப் பத்து மணிக்கு டாக்டர் வரச் சொல்லியிருக்கிறார்.