கேள்விப் பட்டியலோடு ஊருக்கு

சென்னையில் பி.ஏ. பொருளாதாரம் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். தேவைக் கோடும் அளிப்புக் கோடும் தூக்கத்தில்கூட வரைவேன். ஆனால் ஒரு விவசாயக் கூலியின் வீட்டுக் கணக்கு எங்கள் வகுப்புக்குள் இதுவரை வந்ததில்லை. இது எனக்குப் பெரிய குறையாகப் படுகிறது.

1915-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இந்தியப் பொருளாதாரம் என்ற பாடத்துக்கு முதல் பேராசிரியராக வந்தவர் கில்பர்ட் ஸ்லேட்டர். விடுமுறைக்கு ஊர் போகும் மாணவர்களிடம் அவர் கேள்விப் பட்டியலைக் கொடுத்தனுப்பினார். நிலம் யார் கையில், கூலி என்ன, கடன் எவ்வளவு என்று அவர்கள் வீடு வீடாக விசாரித்து எழுதினார்கள். இருவேல்பட்டு, கங்கைகொண்டான், தூசி எல்லாம் அப்படிப் பதிவான ஊர்கள்தான். அதே ஊர்களுக்கு 1930-களில் ஆய்வாளர்கள் மறுபடியும் போனார்கள், அதற்குப் பிறகும் போனார்கள். மாணவர்களின் குறிப்புகள் எவ்வளவு தூரம் வந்திருக்கின்றன, பாருங்கள்!

இந்த மே மாதம் அம்மாவின் ஊருக்குக் கேள்விப் பட்டியலோடு போகிறேன். வகுப்புத் தோழர்கள் யாராவது உடன் வருகிறீர்களா?