வைக்கோலுக்கு அடியில் ஒரு யெஸ்டி

மன்னார்குடி பக்கத்தில் மாமா வீட்டு மாட்டுக்கொட்டகையில் 15 வருடமாகக் கிடந்த யெஸ்டி பைக். மைசூரில் 1996-லேயே உற்பத்தி நின்றுபோன வண்டி. டேங்க் முழுக்கத் துரு. டெல்டா ஈரம் சும்மா விடுமா? ஒரு கைப்பிடி அளவு நட்டுகளை உள்ளே போட்டு, டீசல் ஊற்றிக் குலுக்கி அலசினேன்.

பிஸ்டன்தான் அசையவே இல்லை. பிளக்கைக் கழற்றி டீசல் விட்டு மூன்று நாள் ஊறவைத்தேன். அப்புறம் டாப் கியரில் போட்டுப் பின்சக்கரத்தை முன்னும் பின்னும் ஆட்ட, மெல்ல இளகியது. ஸ்பார்க்குக்கான காண்டாக்ட் பாயிண்டை உப்புத்தாளில் தேய்த்தேன், பெட்ரோலில் ஆயில் கலந்தேன். கிக்கர், கியர் இரண்டுக்கும் ஒரே லீவர். என்ன மூளையப்பா!

நேற்று சாயங்காலம் இரட்டைச் சைலென்சரும் படபடத்தன. மாமா திண்ணையிலிருந்து எழுந்தே வந்துவிட்டார். அத்தை மட்டும், "தம்பி, புகையை நிறுத்து, மாடு மிரளுது!"