அம்மாவின் மறதிநோய்: கிளினிக்கிலிருந்து சமூகநல இலாகா வரை

மலேசியாவின் சுங்கை சிப்பூட் வட்டாரத் தோட்டமொன்றில் இளமை முழுவதும் பால்மரம் வெட்டி ரப்பர்ப் பால் எடுத்த என் தாயார், கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்கத் தொடங்கியபோது, வயதானால் அப்படித்தான் என்று உறவினர் பலரும் சொன்னார்கள். அந்தப் பேச்சோடு விட்டுவிடாமல் ஊரிலுள்ள அரசாங்கக் கிளினிக்கில் அவரைப் பதிந்ததே பின்னர் கிடைத்த எல்லா உதவிக்கும் அடிப்படையாயிற்று.

அங்கே முதலில் இரத்தம் எடுத்தார்கள். தைராய்டுக் குறைவு, வைட்டமின் பி12 பற்றாக்குறை, மனச்சோர்வு ஆகியவையும் மறதியை உண்டாக்கும். அவை சிகிச்சையில் தேறக்கூடியவை என்பதால், அவையல்ல என்று உறுதி செய்த பிறகே ஈப்போ பெரிய மருத்துவமனைக்குக் கடிதம் தந்தார்கள். அம்மா பள்ளிக்கூடம் போனவரல்லர். நினைவாற்றல் சோதனையில் கடிகாரம் வரையச் சொன்னபோது, பென்சிலை வெட்டுக்கத்திபோல் உள்ளங்கையில் இறுகப் பற்றிக்கொண்டு, "எழுத்தெல்லாம் எனக்கு வராதுங்க தம்பி" என்றார். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு அச்சோதனை நோயை மிகைப்படுத்திக் காட்டக்கூடும். நான் அதை எடுத்துச் சொன்னதும் மருத்துவர் ஏற்றுக்கொண்டு, வீட்டில் அவர் எந்தெந்த வேலையை இன்னும் செய்கிறார், எதையெல்லாம் விட்டுவிட்டார் என்று நெடுநேரம் விசாரித்தார். துணைக்குப் போகிறவர் இவற்றை முன்கூட்டியே எழுதிக்கொண்டு போவது நல்லது.

இரவுகள்தாம் எங்களை வாட்டின. விடியற்காலை நான்கு மணிக்கெல்லாம் எழுந்து, தலைத்துண்டைக் கட்டிக்கொண்டு, பெரட்டுக்கு (வேலைக்குமுன் தோட்டத்தில் ஆள் கணக்கெடுப்பதற்கு) நேரமாகிவிட்டது என்று வாசல் கதவை உலுக்குவார். அவர் பால் வெட்டிய மர நிரையெல்லாம் போய், இன்று அங்கே எண்ணெய்ச் செம்பனை நிற்கிறது. தோட்டமே இல்லையென்று திருத்தினால் அழுவார், கோபப்படுவார். ஒருநாள் அக்காள், "ராத்திரி மழை பேஞ்சு மரமெல்லாம் நனைஞ்சிருக்கும்மா, இன்னைக்கு வெட்டு இல்ல" என்றார். அம்மா உடனே துண்டை அவிழ்த்து வைத்துவிட்டுத் தேத்தண்ணீர் கேட்டார். இதை நான் பொய்யென்று கருதவில்லை. அவர் வாழும் காலத்துக்குள் போய் அவருக்குத் தெரிந்த பதிலைச் சொல்வதாகவே கருதுகிறேன்.

சமூகநல இலாகாவில் ஓகேயு அட்டைக்கு (மாற்றுத்திறனாளி அட்டைக்கு) மனநலப் பிரிவின் கீழ் விண்ணப்பிக்க, குறைந்தது 2 ஆண்டுகள் மனநல சிகிச்சை பெற்றிருக்க வேண்டும். ஆகவே மருத்துவமனைத் தவணை எதையும் விடாமல் போய், தவணை அட்டைகளைப் பத்திரப்படுத்த வேண்டும். படுத்த படுக்கையாகிவிட்டவரைப் பராமரிப்போருக்கான உதவித்தொகை 2021-இல் மாதம் 500 ரிங்கிட்டாக உயர்ந்தது. அதற்குக் குடும்ப வருமானத்தையும் பார்ப்பார்கள். எழுந்து வெளியே போய்விடுகிற நோயாளிக்குத்தான் இரவும் பகலும் ஆள் வேண்டியிருக்கிறது. அவரைப் பார்ப்பவருக்கு அத்தொகை இல்லையென்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

நிலம், வங்கிக் கணக்கு தொடர்பான பத்திரங்களை, நோயாளிக்குப் புரிந்து கையெழுத்திடும் தெளிவு இருக்கும்போதே வழக்கறிஞரிடம் காட்டிவிடுங்கள். தெளிவு போன பிறகு, 2001ஆம் ஆண்டு மனநலச் சட்டத்தின்கீழ் உயர் நீதிமன்றத்தை நாட வேண்டிவரும்.

பராமரிப்பவரின் உறக்கத்தைப் பற்றியும் மருத்துவரிடம் தயங்காமல் பேசுங்கள். அக்காள் கண்விழித்து இளைத்துப்போனதைச் சொன்ன பிறகே, அம்மாவுக்கு இரவில் கொடுத்துவந்த, மறதிநோய்க்கான டோனெபெசில் மாத்திரையை மருத்துவர் காலைக்கு மாற்றினார். அது சிலருக்கு உறக்கத்தைக் கெடுக்குமாம். வார இறுதியில் தம்பி கோலாலம்பூரிலிருந்து வந்து இரவுக் காவலை ஏற்றுக்கொள்கிறான். பக்கத்து வீட்டாரிடமும் கோயிலருகே உள்ள கடைக்காரரிடமும் அம்மாவின் படத்தையும் எங்கள் தொலைபேசி எண்ணையும் கொடுத்து வைத்திருக்கிறோம்.