டிராகன் இல்லாமல் அட்டை கிடையாது

மலேசியாவில், சுங்கை சிப்புட் கடைத்தெருவில் ஓர் அச்சகத்தில் வடிவமைப்பாளனாக இருக்கிறேன். எங்களுக்குச் சோறு போடுவது கோயில் திருவிழா அழைப்பிதழ், கல்யாணப் பத்திரிகை, ரசீதுப் புத்தகம், பதாகை. நாவல் எப்போதாவது வரும். அதுவும் மாயாஜால நாவல் என்றால் முதலாளி மூக்குக் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்துச் சிரிப்பார். அட்டை எங்கே போய் முடியும் என்று எங்கள் இருவருக்கும் தெரியும்.

எழுத்தாளர் பெரும்பாலும் ஓய்வு பெற்ற ஆசிரியராக இருப்பார், அல்லது தோட்டத்தில் கிராணியாக இருந்தவராக. சொந்தக் காசு போட்டு நூல் கொண்டுவருகிறவர். கதையைப் பற்றி வாய் திறப்பதற்கு முன்பே கைப்பேசியை நீட்டி, "இந்தப் படத்தைப் போடுங்கள் தம்பி" என்பார். வாட்ஸ்அப்பில் பல கை மாறி வந்த டிராகன். ஏ5 அளவு அட்டை தெளிவாக அச்சாக வேண்டுமானால் படத்தில் 1748-க்கு 2480 புள்ளிகளாவது இருக்க வேண்டும். வந்திருப்பதில் கால்வாசி இருந்தாலே அதிகம். பெரிதாக்கினால் டிராகனின் உடம்பு கட்டம் கட்டமாகப் பிரியும். "செதில் என்றால் அப்படித்தானே இருக்கும்" என்று ஒருவர் எனக்கே சமாதானம் சொன்னார்.

டிராகனோடு விட்டால் பரவாயில்லை. இளவரசி வேண்டும். அவள் ஏதோ ஒரு மணப்பெண் ஒப்பனை விளம்பரத்திலிருந்து வருவாள்; உள்ளங்கை மருதாணியோடு அப்படியே வாளைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். பின்னால் ஐரோப்பியக் கோட்டை. அதற்கும் பின்னால், ஈப்போ போகும் வழியில் நாம் பார்க்கிற அதே சுண்ணாம்புக் குன்று. வானத்தில் முழுநிலா, இளவரசியின் முகத்திலோ உச்சி வெயில். அவளுடைய நிழல் இடப்பக்கம் விழும், கோட்டையின் நிழல் வலப்பக்கம் விழும். எல்லாம் முடிந்து தள்ளி நின்று பார்த்தால், நாங்கள் வருடாவருடம் அடிக்கிற தீமிதித் திருவிழா அழைப்பிதழ்தான் தெரியும். அம்மன் இருக்க வேண்டிய இடத்தில் டிராகன். உபயதாரர் படம் வரும் மூலையில் கோட்டு அணிந்த எழுத்தாளர்.

நிறத்தில் இன்னொரு சங்கடம் இருக்கிறது. கணினித் திரை நிறத்தை ஒளியால் காட்டுகிறது, நாங்களோ நான்கு மைகளை வைத்துக்கொண்டு அதைத் துரத்துகிறோம். திரையில் பளீரென்று மின்னும் மந்திர நீலம் தாளில் கத்தரிப்பூ நிறமாக இறங்கிவிடும். மாதிரிப் படியைப் பார்த்து முகம் வாடியவர்கள் உண்டு.

தலைப்பு விஷயம் தனி. 'மாயமண்டல மகாமந்திர வாளின் மர்மம்' என்று வைத்துக்கொள்வோம். (உண்மைத் தலைப்புகளைச் சொன்னால் நான் ஊருக்குள் நடமாட முடியாது.) மோனை உருண்டு வர வேண்டும், பொருள் பின்னால் வந்தால் போதும். நூறு பக்க நூலின் முதுகு 5 மில்லிமீட்டர்தான். அதில் இத்தனையையும் ஏற்ற வேண்டும். முன்னட்டையில் தங்க நிறத்தில் பதிக்கச் சொல்வார்கள். எழுத்து சிறிதாக இருந்தால் 'ண'வின் சுழிகள் அடைத்துக்கொண்டு தங்கக் கட்டியாகிவிடும். கீழே தவறாமல் 'பாகம் 1'. பாகம் 2 வந்தால் நான் விருந்து வைக்கிறேன்.

வினோதமான தலைப்புக்கென்றே இங்கிலாந்தில் டயகிராம் பரிசு என்று ஒன்று இருக்கிறது. 1978-இல் அதை முதன்முதலில் வென்றது, நிர்வாண எலிகளைப் பற்றிய இரண்டாவது பன்னாட்டுப் பட்டறையின் கட்டுரைத் தொகுப்பு. சிரிப்பு வருகிறது, ஆனால் ஆய்வகத்தில் வளர்க்கும் முடியில்லாத எலியைப் பற்றிய நூல் அது என்பதைத் தலைப்பே சொல்லிவிடுகிறது. மகாமந்திர வாளுக்கு அந்த யோக்கியதை கிடையாது.

வெள்ளைக்காரர்கள் அட்டையில் மட்டும் ஒழுங்கா என்றால், அதுவும் இல்லை. 1965-இல் டோல்கீனின் 'தி ஹாபிட்' நாவலை அமெரிக்காவில் பாலன்டைன் நிறுவனம் மலிவுப் பதிப்பாகக் கொண்டுவந்தது. ஓவியர் பார்பரா ரெமிங்டன் கதையைப் படிக்காமலேயே வரைய நேர்ந்தது. அட்டையில் ஒரு சிங்கம், ஈமு பறவைகள், இளஞ்சிவப்புக் குமிழ்கள் தொங்கும் ஒரு மரம். இதற்கும் கதைக்கும் என்ன சம்பந்தம் என்று டோல்கீன் கொதித்தார். அடுத்தடுத்த அச்சுகளில் சிங்கம் காணாமல் போனது, ஈமு தப்பித்துக்கொண்டது.

அங்கே கதை தெரியாததால் வந்த வினை. எங்கள் கடையில் நேர்மாறு. எதிரே உட்கார்ந்திருப்பவருக்குக் கதை முழுவதும் தெரியும், அதில் எதையும் விட மனம் வராது. மந்திரவாதியை எடுத்துவிடலாமா என்று கேட்டால், பெற்ற பிள்ளையை வீட்டை விட்டு அனுப்பச் சொன்னதுபோல் பார்ப்பார். இருவரில் யாரோடு வேலை செய்வது எளிது என்றால், படிக்காத ஓவியர் பக்கம்தான் நான். ஒரு சிங்கத்தை அழித்தால் வேலை முடிந்தது.

ஆனால் எழுத்தாளர் கணக்கும் முழுத் தவறில்லை. இங்கே நூல் கடை அலமாரியில் விற்பதைவிட வெளியீட்டு விழாவில் விற்பதுதான் அதிகம். மண்டபத்து மேடையில் அந்த அட்டையே பத்தடிப் பதாகையாகத் தொங்கும். முதல் நூலைப் பெறும் பிரமுகர் அதன் முன்னால் பொன்னாடையோடு நின்று படம் எடுத்துக்கொள்வார். உறையில் வைத்துக் கொடுப்பதையும் அங்கேதான் கொடுப்பார். அடக்கமான அட்டையைக் கடைசி வரிசையிலிருந்து பார்த்தால் வெறும் துணிதான் தெரியும்.

இப்போது செயற்கை நுண்ணறிவும் வந்துவிட்டது. போன மாதம் ஒரு பெரியவர் தம் பேரன் உருவாக்கிய படத்தைக் கொண்டுவந்தார். முன்பு வந்ததையெல்லாம்விடத் தெளிவு, நிழல்கூட ஒரே பக்கம் விழுந்திருந்தது. வாளைப் பிடித்த இளவரசியின் கையில் மட்டும் ஆறு விரல். சுட்டிக்காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு எண்ணிப் பார்த்தார்.

"மந்திர லோகத்தில் ஆறு விரல் இருக்கக் கூடாதா தம்பி?"

முன்பணத்துக்கு ரசீது எழுதிக் கொடுத்தேன்.