மின்னியும் ‘இந்தா’வும்: பத்தாவது வாரம்

நேற்றுக் காலை கண்மாய்க்குள் ஆட்டு மந்தை குறுக்கே போய்க்கொண்டிருந்தபோது, அறுபது தப்படித் தூரத்திலிருந்து ஒரே கூப்பிடலில் என் நாய் மின்னி திரும்பி வந்துவிட்டது. சிப்பிப்பாறை வேட்டைநாய் வளர்ப்பவர்களுக்கு இது லேசுப்பட்ட விஷயம் இல்லை என்று தெரியும். ஓடுகிற எதாவது கண்ணில் பட்டால் போதும், இதுகளுக்குக் காது கேட்காது.

‘வா’ என்ற சொல்லை நாங்களேதான் கெடுத்தோம். குளிக்க வா, உண்ணி எடுக்க வா, விளையாடியது போதும் வா. அப்புறம் அது எதற்கு வரப்போகிறது? அதனால் ‘இந்தா’ என்று மாற்றினேன். சொன்னால் கையில் அவித்த ஈரல் இருந்தே ஆக வேண்டும். பத்து முறை கூப்பிட்டால் ஒன்பது முறை கொடுத்துவிட்டு மறுபடி ஓட விடுகிறேன். ஒரு முறைதான் வார் மாட்டுவது.

என் பாடெல்லாம் பயிற்சிக்குக் கட்டும் நீளக் கயிற்றோடுதான். முதலில் நைலான். முயலைக் கண்டு ஒரே இழுப்பு, உள்ளங்கைத் தோல் உரிந்தது. அடுத்து பருத்தி. பனி ஈரத்தில் ஊறிக் கனத்துவிடுகிறது. இப்போது 10 மீட்டர் பயோதேன் பட்டை, அதாவது பிளாஸ்டிக் பூசிய நாடா. விலையைச் சொன்னால் வீட்டில் சோறு கிடைக்காது, ஆனால் ஈரம் ஏறவில்லை, துடைத்தால் சேறு போய்விடுகிறது. கைப்பிடி வளையத்தை முதல் நாளே வெட்டி எறிந்தேன். சீமைக்கருவேல மூட்டில் அது ஒருமுறை மாட்டினால் அன்றைய பயிற்சி அதோடு சரி. முடிச்சும் கூடாது. கழுத்துப் பட்டையில் மாட்டவே மாட்டேன், மார்பைச் சுற்றிப் போடும் ஹார்னஸ்தான். பாய்ந்து ஓடிக் கயிறு தீரும் இடத்தில் விழுகிற வெட்டி இழுப்பு கழுத்துக்கு ஆகாது. போதாததற்கு, தலை சிறுத்த இனம், பட்டையை உருவிக்கொண்டு போய்விடும்.

இரண்டு வாரமாகக் கயிற்றைப் பிடிக்காமல் தரையில் இழுபட விடுகிறேன். முழுதாகக் கழற்றியது நான்கு தடவை, அதுவும் வேலி போட்ட தோப்புக்குள். ஆடு சரி. மயில் எழும்பினால் மட்டும் நான் யாரோ, அது யாரோ.

இதற்குள் வீட்டில் புதுத் தலைவலி. அம்மா “இந்தா, காபி” என்றால் எனக்கு முன்னால் மின்னி வந்து நிற்கிறது. ஒன்றும் கிடைக்காமல் திரும்பிப் போகிறது. இப்படியே போனால் ‘இந்தா’வுக்கும் ‘வா’ கதிதான். “அந்தச் சொல்லைச் சொல்லாதீங்கம்மா” என்றால், “அப்ப காபியை எப்படிடா கொடுக்கிறது?” என்கிறார்.

அதனால் சொல்லுக்குப் பதிலாக ஊதிக் கூப்பிட, ஆக்மி 211.5 என்ற நாய் விசில் ஒன்றுக்குச் சொல்லியிருக்கிறேன். தொலைந்தாலும் அதே சுருதியில் இன்னொன்று வாங்கிக்கொள்ளலாம். அது வரும்வரை அம்மா காபியைச் சத்தமில்லாமல் திண்ணையில் வைத்துவிட்டுப் போகிறார்.