பேஸ்மென்ட்டில் ஒரு புகைப்புரை

குமரி மாவட்டத்துக் குலசேகரத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு புகைப்புரை இருந்தது. உள்ளே ரப்பர் ஷீட்டுகளைத் தொங்கவிட்டு, சிரட்டையும் ரப்பர் விறகும் இட்டு, தீ கொழுந்துவிடாமல் கனன்று புகையும்படி இரவெல்லாம் பார்த்துக்கொள்வது அப்பாவின் வேலை. பல ஆண்டுகள் கழித்து கனடாவின் வின்னிபெக்கில் வீடு வாங்கியபோது, பேஸ்மென்ட் என்னும் நிலவறையின் மூலையில் பீரோ உயரத்துக்கு நின்ற, வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸைப் பார்த்ததும் எனக்கு அந்தப் புகைப்புரைதான் நினைவுக்கு வந்தது. உண்மையில் இரண்டும் நேர் எதிரானவை. புகைப்புரையில் நமக்குப் புகை வேண்டும். ஃபர்னஸில் சூடு மட்டுமே வேண்டும். எரிவாயுத் தீயின் சூடு ஹீட் எக்ஸ்சேஞ்சர் என்னும் உலோகச் சுவரைக் கடந்து வீட்டுக் காற்றைச் சேர வேண்டும்; எரிந்த வாயுவோ சிறிதும் உள்ளே கலவாமல் குழாய் வழியே வெளியேறிவிட வேண்டும்.

இந்த அக்டோபரில் என் அண்ணன் மகன், மனைவி குழந்தையோடு அருமனையிலிருந்து இங்கே குடியேறுகிறான். மார்கழி விடியற்காலையில்கூட 20 டிகிரிக்குக் கீழே இறங்குவது அரிதான ஊரிலிருந்து, ஜனவரி இரவுகளில் மைனஸ் 30 டிகிரியையும் தாண்டிக் குளிரும் ஊருக்கு வருபவனுக்குச் சொன்னதையே இங்கும் எழுதுகிறேன்.

எங்கள் முதல் குளிர்காலத்தில் ஒரு நள்ளிரவு, தரையிலுள்ள வென்ட்டுகளில் சில நிமிடம் சூடான காற்றும் பிறகு குளிர்ந்த காற்றுமாக மாறி மாறி வந்தது. தெர்மோஸ்டாட்டில் 21 வைத்திருந்தும் விடிவதற்குள் வீடு 14 டிகிரிக்கு இறங்கிவிட்டது. குழந்தையை எங்கள் இருவருக்கும் நடுவே கிடத்தி, இருந்த கம்பளிகளையெல்லாம் போர்த்திக்கொண்டு படுத்திருந்தோம். மறுநாள் மதியம் வந்த மெக்கானிக் வேறெதையும் தொடாமல் முதலில், ஃபர்னஸுக்குள் போகும் காற்றை வடிகட்டும் பில்டரை உருவினார். வெள்ளையாக இருக்க வேண்டிய அந்த 16க்கு 25 அங்குலச் சட்டத்தில் தூசியும் முடியும் துணிப்பிசிறும் படிந்து, விரலால் உரித்தால் பழைய துப்பட்டிபோல ஒரே தகடாக வந்தது. போதிய காற்று புகாததால் உள்ளே சூடு மிஞ்சி, பாதுகாப்பு சுவிட்ச் திரும்பத் திரும்பத் தீயை அணைத்திருக்கிறது. விசிறி மட்டும் ஓடிக் குளிர்காற்றைத் தள்ளியிருக்கிறது. பில்டரை மாற்ற இரண்டு நிமிடம் ஆகவில்லை.

இடவப்பாதி என்னும் தென்மேற்குப் பருவமழை தொடங்குவதற்கு முன்பே, பால் வெட்டும் இடத்தில் நீர் இறங்காதபடி ரப்பர் மரங்களுக்குப் பிளாஸ்டிக் கட்டி முடிப்பவர்கள் நாம். மழை விழுந்த பிறகு ஆள் தேடினால் பால்வெட்டு நின்றுபோகும் என்பது நமக்குத் தெரியும். இங்கே அதுபோல ஃபர்னஸை முன்கூட்டியே தயார்செய்ய உரிய மாதம் செப்டம்பர். முதல் கடுங்குளிர் வாரத்தில் ஊரே மெக்கானிக்கைக் கூப்பிடும்.

புதிய பில்டரைச் செருகும்போது அதன் விளிம்பிலுள்ள அம்புக்குறி ஃபர்னஸை நோக்கி, அதாவது காற்று போகும் திசையில் இருக்க வேண்டும். பிறகு, குளிர் வராவிட்டாலும், தெர்மோஸ்டாட்டை உயர்த்தி ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். கோடையில் படிந்த தூசி கருகும் வாடை சிறிது நேரம் வந்து போகும், அது இயல்பு. வாடை போகாமல் நின்றாலோ, வயர் கருகுவதுபோல் நாறினாலோ உடனே நிறுத்திவிட வேண்டும். அம்மா இப்போதும் ஒவ்வொரு செப்டம்பரிலும் போனில், "அடுப்பு பத்திச்சா மக்களே?" என்று கேட்பாள்.

பில்டருக்கு அப்பால் உள்ள எதையும் நாமே தொடக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. பர்னரைத் துடைப்பது, தீயை உணரும் சென்சாரைச் சுத்தம் செய்வது, ஹீட் எக்ஸ்சேஞ்சரில் விரிசல் இருக்கிறதா என்று பார்ப்பது ஆகியவை உரிமம் பெற்றவர் செய்ய வேண்டியவை. விரிசல் விட்டால் கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சு வாயு வீட்டுக் காற்றில் கலக்கக்கூடும். புகைப்புரையில் கண் எரியும், இருமல் வரும், நாம் வெளியே ஓடிவிடுவோம். இந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தலைவலியும் குமட்டலும் வந்தால் சளிக்காய்ச்சல் என்று நினைத்து மேலும் இழுத்துப் போர்த்திக்கொள்வோம். அதனால் படுக்கையறைகளுக்கு அருகில் இதற்கான அலாரம் இருந்தே ஆக வேண்டும். அதன் பொத்தானை அழுத்திச் சோதிப்பதோடு, பின்புறத்தில் அச்சிட்டிருக்கும் காலாவதி ஆண்டையும் படித்துப் பாருங்கள். அது அலறினால் காரணம் தேடிக்கொண்டிராமல் எல்லோரும் வெளியேறி, அங்கிருந்து அவசர உதவி எண்ணான 911ஐ அழைக்க வேண்டும்.

புதிய வகை ஃபர்னஸ்களில் காற்றை இழுக்கவும் எரிந்த வாயுவை வெளியேற்றவும் இரண்டு பிளாஸ்டிக் குழாய்கள் வீட்டின் பக்கச் சுவரில் நீட்டிக்கொண்டிருக்கும். பனி குவிந்து அவற்றின் வாயை மூடினால் ஃபர்னஸ் நின்றுவிடும். பெரும்பனி பெய்த காலைகளில் கார் நிற்கும் பாதைக்கு முன்பாக நான் மண்வெட்டியோடு போவது அந்தச் சுவரோரத்துக்குத்தான்.

அண்ணன் மகன் வாடகைக்கு எடுத்திருக்கும் வீட்டின் பில்டர் அளவை வீட்டுக்காரரிடம் கேட்டு, புதியவை இரண்டு வாங்கி வைத்திருக்கிறேன். அவன் வந்த அன்றே பேஸ்மென்ட்டுக்கு அழைத்துப்போய், முதலாவதை அவன் கையாலேயே செருக வைக்க வேண்டும்.