அடி யாருடையது

“அடி என்னுதுன்னா அப்புறம் ஏன்ணா மாத்துன?”

கேட்டுவிட்டு அவன் டீ கிளாஸைப் பார்த்துக்கொண்டிருந்தான். சண்டைக்கு வருகிற குரல் இல்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்பது போலத்தான் கேட்டான். ஒன்றரை வருடம் ஆகிறது. “கிளிக்கோட உட்காரலடா” என்று சொன்னேன். கிளிக் என்றால் ரெக்கார்டிங்கில் வேகம் மாறாமலிருக்கக் காதில் ஓடவிடுகிற சீரான தட்டல். சொன்னது பொய்யில்லை. ஆனால் அவன் கேட்டதற்கு அது பதில் இல்லை என்பது அன்றைக்கு வீட்டு மாடிப்படி ஏறும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

ஏழு பாட்டு. எங்கள் குழுவின் முதல் முழு ஆல்பம். எழுதியது, மெட்டுப் போட்டது, கிதார், பேஸ், கீபோர்டு, குரல் எல்லாம் நான். டிரம்ஸ் மட்டும் அவன். நாலாவது பாட்டில் சரணம் முழுக்க நேரான நாலு அடியில் போகும். பல்லவி வரும்போது, சாவு ஊர்வலத்தில் அடிக்கிற சாவு அடிக்குள் சரிந்து விழும். அந்தச் சரிவு நான் யோசித்தது இல்லை. வியாசர்பாடி மாடியறையில் ஒருநாள் ராத்திரி நான் கிதாரில் சும்மா நாலு கார்டை மாற்றி மாற்றி வாசித்துக்கொண்டிருந்தபோது, அவன் கேட்காமலே உள்ளே கொண்டுவந்து வைத்தது. பாட்டே அந்த இடத்தில்தான் பிறந்தது. அதற்கு முன்னால் அது வெறும் நாலு கார்டு.

ரெக்கார்டிங்கில் என்ன நடந்தது என்று சொல்ல வேண்டும். கிதாரையும், திரும்பத் திரும்ப ஓடுகிற சிந்தசைஸர் லூப்பையும் முதலிலேயே கிளிக் வைத்துப் பதிவு செய்துவிட்டேன், நிமிடத்துக்கு 112 அடி வேகத்தில். அப்புறம் அவனை உட்கார வைத்தேன். வியாசர்பாடி ஜீவா ரயில்வே ஸ்டேஷன் பக்கம் ரயில் ஓய்கிற நேரம் பார்த்து ராத்திரி ஒரு மணிக்கு மேல்தான் மைக்கைத் திறக்க முடியும். இரண்டு ராத்திரி அடித்தான். நேரில் கேட்டால் உடம்பு தானாக ஆடும். திரையில் பார்த்தால் ஒவ்வொரு சுற்றிலும் மூன்றாவது அடி கிளிக் விழுகிற கோட்டுக்குப் பின்னால் நின்றது. இருபது மில்லி செகண்ட், சில இடத்தில் முப்பது. பல்லவி முடிகிற இடத்தில் மொத்தமாகவே கொஞ்சம் முன்னால் ஓடியிருந்தான். லூப் ஒரு பக்கம், அவன் ஒரு பக்கம்.

முதலில் வெட்டி ஒட்டித்தான் பார்த்தேன். டிரம்ஸில் அது லேசில் நடக்காது. ஸ்நேருக்கு வைத்த மைக்கில் ஹைஹாட் விழுந்திருக்கும், மேலே தொங்குகிற மைக்கில் எல்லாமே விழுந்திருக்கும். ஒன்றை நகர்த்தினால் அத்தனையும் நகர வேண்டும். சிம்பல் ஓசை நடுவில் அறுந்து போகிறது. விடியற்காலை நாலரை மணிக்கு அதை மூடிவைத்துவிட்டு நானே போய் டிரம்ஸில் உட்கார்ந்தேன். அவன் அடித்ததைக் கேட்டுக் கேட்டு, அடிக்கு அடி அப்படியே, கிளிக்கில் நேராக. மூன்றே டேக்கில் முடிந்தது. முடிந்ததும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை மறைத்து எழுதினால் இதை எழுதுவதற்கே அர்த்தமில்லை. அன்றைக்கு நிஜமாகவே சந்தோஷப்பட்டேன்.

என் பக்கத்தையும் சொல்கிறேன். நான் எல்லா வாத்தியமும் கற்றுக்கொண்டது ஆசைப்பட்டு இல்லை. ஆள் கிடைக்காமல் கற்றுக்கொண்டது. கீபோர்டு சர்ச்சில் வந்தது. கிதார், பெரம்பூரில் ரயில்வே வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஓர் ஆங்கிலோ இந்தியத் தாத்தா சொல்லிக்கொடுத்தது. பேஸ் வாசித்த நண்பன் கல்ஃபுக்குப் போனான். அவன் விட்டுப்போன பேஸை நான் எடுத்தேன். டிரம்மர்கள் மூன்று பேர் மாறினார்கள். ஒருவனுக்குக் கல்யாணம், ஒருவனுக்கு நைட் ஷிப்ட், இன்னொருவன் சினிமாவில் வாசிக்கக் கூப்பிட்டதும் போய்விட்டான், போனது நியாயம்தான். ஒவ்வொருவரும் போகும்போது அவர் வாத்தியம் என் கைக்கு வந்தது. ஆடி மாதம் கூழ் ஊற்றுகிற கோயில்களில் மெல்லிசைக் கச்சேரி, டிசம்பரில் சர்ச், நடுவில் கல்யாணம் என்று கீபோர்டு வாசித்துச் சேர்த்த காசில்தான் இந்த ஆல்பம் வந்தது. இன்னொருவருக்காகக் காத்திருந்தால் எதுவும் நடக்காது என்பதை இருபது வருடமாக வாழ்க்கை எனக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறது. அந்த விடியற்காலையிலும் அதைத்தான் செய்தேன்.

இந்த வழியில் எனக்கு முன்னோடி இருக்கிறார் என்று நினைத்துத் தைரியப்பட்டிருக்கிறேன். நிர்வாணா என்ற அமெரிக்க ராக் குழுவில் டிரம்ஸ் வாசித்த டேவ் க்ரோல், அந்தக் குழுவின் பாடகர் கர்ட் கோபேன் இறந்த அதே 1994ஆம் வருடம் அக்டோபரில் சியாட்டில் பக்கம் ஒரு ஸ்டுடியோவில் ஒரு வாரத்துக்குள் ஒரு முழு ஆல்பத்தைத் தனியாகப் பதிவு செய்தார். டிரம்ஸ், பேஸ், கிதார், குரல், எல்லாம் அவரே. வேறொருவர் வந்து வாசித்தது ஒரே ஒரு கிதார் பகுதி. ஃபூ ஃபைட்டர்ஸ் என்று பன்மையில் பெயர் வைத்ததால் கேட்பவர்கள் அதை ஒரு குழு என்றே நினைப்பார்கள். இந்தக் கதையை என் குழுவில் இருந்தவர்கள் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். அவனிடமும் சொன்னேன். அதற்கு அப்புறம் நடந்ததை மட்டும் யாரிடமும் சொன்னதில்லை. நிஜமாகவே குழு சேர்ந்த பிறகு, 1997இல் வந்த இரண்டாவது ஆல்பத்தில், டிரம்மர் வில்லியம் கோல்ட்ஸ்மித் அடித்திருந்ததில் பெரும்பகுதியைக் க்ரோலே மறுபடி வாசித்துப் போட்டார். கோல்ட்ஸ்மித் குழுவை விட்டுப் போனார். ஆல்பம் பெரிய வெற்றி. இப்போது நினைத்தால், முதல் கதையை மட்டும் சொல்லிக்கொண்டு இரண்டாவதை ஏன் விட்டேன் என்று எனக்கே கேள்வி வருகிறது.

சரி, டீக்கடைக்கு வருகிறேன். பெரம்பூர் பேரக்ஸ் ரோட்டில் எப்போதும் நிற்கிற கடைதான். மிக்ஸிங் முடிந்த பாட்டைப் போனில் போட்டு இயர்போனை அவனிடம் கொடுத்தேன். நாலு நிமிடம் பத்து செகண்ட். முழுக்கக் கேட்டான். கேட்கும்போது வலது கை தொடையில் தட்டிக்கொண்டிருந்தது. பல்லவி வந்ததும் கை நின்றது.

“நல்லா கீதுண்ணா. யாரு அட்ச்சது?”

“நான்தான்டா. ஆனா பேரு உன் பேருதான் போட்டிருக்கேன்.”

“அடிக்காததுக்குப் பேரு எதுக்குண்ணா?”

“அடி உன்னுதுதானடா.”

அப்போதுதான் அதைக் கேட்டான்.

அவன் பெயரைப் போட்டதைத்தான் நான் பெரிய மனசு என்று நினைத்திருந்தேன். இரண்டு ராத்திரிக்கும் காசு கொடுத்தேன், குறைக்கவில்லை. அந்த இரண்டு நாளில் அவன் ஒரு சாவு வீட்டுக்கு அடிக்கப் போகாமல் விட்டிருந்தான் என்று தெரிந்து அதற்கும் சேர்த்துக் கொடுத்தேன். பெயரும் போட்டேன். இதற்கு மேல் என்ன செய்ய முடியும் என்று இன்றைக்கும் சில ராத்திரி வாதாடுகிறேன். வாதம் ஜெயிக்கிறது. தூக்கம் மட்டும் வருவதில்லை.

வெளியிடுவதற்கு முன் நிரப்புகிற படிவத்தில் எழுதியவர் யார், இசை யார், எந்த வாத்தியம் யார் என்று கட்டம் கட்டமாக இருக்கும். 2012இல் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தி, பாட்டெழுதியவரும் இசையமைத்தவரும் தங்கள் ராயல்டி உரிமையை மொத்தமாக எழுதிக் கொடுத்துவிட முடியாதபடி செய்தார்கள். நல்ல சட்டம். அந்தச் சட்டம் வந்ததில் என்னைப் போன்றவர்களுக்குச் சந்தோஷம். ஆனால் நாலாவது பாட்டுக்கு ‘இசை’ என்ற கட்டத்தில் என் பெயரை மட்டும் எழுதும்போது எனக்குக் கை தயங்கவே இல்லை. மெட்டு என்றால் இசை, அடி என்றால் வாசிப்பு என்று என் மனதில் ஒரு பிரிவு எப்போதோ விழுந்திருக்கிறது. யார் போட்டது அந்தப் பிரிவு? சாவு வீட்டில் அடிக்கிறவனை யாரும் இசையமைப்பாளர் என்று சொல்லிப் பார்த்ததில்லை. நானும் சொன்னதில்லை.

2018 ஜனவரி 6ஆம் தேதி கீழ்ப்பாக்கத்தில் கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் இசைக்குழு முதல்முறையாக மேடையேறியபோது கூட்டத்தில் நாங்கள் இரண்டு பேரும் நின்றிருந்தோம். கானாவும் ராக்கும் ராப்பும் ஒரே மேடையில். கிதாருக்குப் பக்கத்தில் சட்டி மேளம். அவன் என் தோளைப் பிடித்துக்கொண்டான். திரும்பி வரும்போது பைக்கில் பின்னால் உட்கார்ந்து வழி முழுக்க என் முதுகில் அடித்துக்கொண்டே வந்தான். மறுவாரம்தான் அவனைக் குழுவுக்குக் கூப்பிட்டேன். அதுவரை டிரம் செட்டில் அவன் உட்கார்ந்ததே இல்லை. கழுத்தில் சட்டியை மாட்டிக்கொண்டு நடந்து அடித்தவன். முதல் நாள் ஸ்டூலைத் தள்ளிவிட்டு நின்றுகொண்டே அடித்தான். அப்புறம் உட்காரப் பழகினான். கிளிக் மட்டும் பழகவில்லை.

பழகவில்லை என்று எழுதுவது சரியா? ஒருமுறை கேட்டேன், காதில் ஓடுகிற சத்தத்தோடு போவதில் என்ன கஷ்டம் என்று. “பாடை எடுக்கறவங்க நடக்கறதுக்குத்தாண்ணா நாங்க அடிக்கிறது. முக்குல திரும்பும்போது நிப்பாங்க, கொஞ்சம் இழுக்கணும். மூலகொத்தளம் சுடுகாடு கிட்ட வந்துச்சுன்னா வேகமாவாங்க, கூடவே போவணும். இது யாரோட நடக்குது?” என்றான். அப்போது அதை அறியாப் பிள்ளையின் கேள்வி என்று நினைத்துச் சிரித்துவிட்டு மெட்ரோனோம் பற்றி விளக்கினேன். இப்போது நினைத்தால் அவன் கேட்டது மிகச் சரியான கேள்வி. எங்கள் பாட்டில் கிளிக் யாரோடும் நடக்கவில்லை. அவனை முதலில் அடிக்க விட்டு, அவனுக்குப் பின்னால் கிதாரையும் பேஸையும் நான் வாசித்திருக்கலாம். லூப்பையும் அவன் வேகத்துக்கு வளைத்திருக்கலாம். ஒரு நாள் அதிகம் ஆகியிருக்கும். அவன் கோட்டை விட்டு விலகவில்லை. கோட்டை முதலில் போட்டவன் நான்.

ஆனால் இதையும் சொல்ல வேண்டும்: நான் வாசித்தது மோசமில்லை. பாட்டு போகிறது. ‘எல்லாத்தையும் நீங்களே வாசிச்சீங்களா’ என்று ஆச்சரியப்பட்டுக் கேட்கிறார்கள். அவன் சொன்னபடி பெயரை எடுத்துவிட்டேன், அதனால் அந்தப் பாட்டில் எல்லாக் கட்டத்திலும் என் பெயர்தான். ஆமாம் என்கிறேன். வேறென்ன சொல்வது? நாலாவது பாட்டில் அடித்தது நான், அடி என்னுடையது இல்லை என்று ஒவ்வொருவரிடமும் நிறுத்தி விளக்க முடியுமா? ஒருமுறை ஒரு பேட்டியில் சொல்லிப் பார்த்தேன். போட்டபோது அந்த வரி இல்லை. நீளம் கருதி எடுத்திருப்பார்கள்.

அவன் முறைத்துக்கொண்டு போகவில்லை. அதற்குப் பிறகும் இரண்டு ரிகர்சலுக்கு வந்தான். அப்புறம் ஒரு நாள் சாவு, இன்னொரு நாள் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, அப்படியே நின்றுபோனது. அக்கா மகளுக்குக் காதுகுத்து என்று பத்திரிகை வைத்தான், போனேன், கறி அதிகமாகப் போடச் சொன்னான். “ண்ணா” என்று கூப்பிடுவதில் எந்த மாற்றமும் இல்லை. ஒருவேளை அவனுக்கு இது பெரிய விஷயமாகவே இருந்திருக்காது, நான்தான் உருட்டிக்கொண்டிருக்கிறேனோ என்றும் தோன்றும். அப்படி நினைப்பது எனக்கு வசதியாக இருக்கிறது என்பதும் உடனே தோன்றும்.

இப்போது புதுப் பையன் ஒருவன் டிரம்ஸ் அடிக்கிறான். கிரேடு பரீட்சை எல்லாம் எழுதியவன், கிளிக்கில் ஊசி போல உட்காருவான். போன மாதம் நாலாவது பாட்டை ரிகர்சல் பார்த்தோம். பல்லவி வந்ததும் நான் வாசிப்பதை நிறுத்தினேன். மூன்றாவது அடியைக் கொஞ்சம் இழு, பின்னால் வை என்றேன். மறுபடி ஆரம்பித்தோம், மறுபடி நிறுத்தினேன். நாலாவது தடவை அவன் குச்சியை ஸ்நேர் மேல் வைத்துவிட்டு என்னைப் பார்த்தான்.

“ரெக்கார்டிங்ல நேராத்தானேண்ணா இருக்கு? நீங்க அடிச்ச மாதிரியே தான அடிக்கிறேன்?”

ஆமாம், நேராகத்தான் இருக்கிறது என்றேன். கிளிக்கை நிறுத்தச் சொன்னேன். நிறுத்தினான். வெறும் வாயால் அந்தப் பல்லவியின் அடியைச் சொல்லிக் காட்டப் பார்த்தேன். என் வாயிலும் அது நேராகத்தான் வந்தது.